பூட்ஸ் அளவு

முதலில் பலூன் பயணத்தைப் பார்த்தேன்.
டித்தேவுக்கு ஏணியின் மூன்றாம் படியிலேயே தலை சுற்றும்.
பாஸ்தா பிசையக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று இருந்தது.
மால்தே இப்போது கோதுமையைத் தொடுவதில்லை.
ஏன் என்று கேட்டால் "அம்மா" என்பான்,
முற்றுப்புள்ளி வைப்பதுபோல.
பூட்டிய அறையில் புதிர் அவிழ்த்து வெளியேறும் விளையாட்டு:
ஐந்து பேர், ஒரு மணி நேரம், கதவு திறக்காது.
"அதைத்தான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
காசில்லாமல் செய்கிறோமே" என்றார் பிரெபென்,
செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல்.

பொருள் எதுவும் வேண்டாமென்று மூவரும் சொல்லிவிட்டார்கள்.
போன வருடம் நான் கொடுத்த ஆறு குவளைகள்
எஸ்கில் வீட்டில் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான்.

ஆகவே, சிப்பி.
ஃபேனோ தீவில் கடல் வற்றி விலகும்போது
சேற்றில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்து
கையால் பொறுக்கி அங்கேயே உடைத்துத் தின்னலாம்.
ஐந்து பேர், பிப்ரவரி, சனிக்கிழமை.
பணம் கட்டுமுன் படிவம் இன்னும் ஒன்று கேட்டது:
ஒவ்வொருவருக்கும் என்ன பூட்ஸ் அளவு?

பிரெபென் நாற்பத்து மூன்று.
நான் முப்பத்தெட்டு.
அதற்குமேல் விரல் நகரவில்லை.

கடையில் மண்டியிட்டு, ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி,
"இன்னொரு குளிர்காலம் தாங்கும்" என்று தீர்ப்புச் சொன்னவள் நான்.
இருபத்தாறு ஒரே கோடையில் இருபத்தெட்டானதும்
தேதியோடு தெரியும் எனக்கு.
கடைசியாக அறிந்தது மால்தேவின் நாற்பத்தொன்று:
அவனுக்குப் பதினான்கு வயது, கால்பந்து ஷூ, பச்சை நாடா.
அதன்பின் அந்தக் கால்கள்
என்னிடம் சொல்லாமலே வளர்ந்துவிட்டன.

தோளுக்கு மிஞ்சினால் தோழன்.
பாதத்துக்கு மிஞ்சினால் என்னவென்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

கேட்டால் ரகசியம் உடையும்.
ஞாயிறன்று எஸ்கில் சாப்பிட வந்தபோது
வாசலில் கிடந்த ஷூவைத் திருடியைப்போல் புரட்டினேன்.
நான்கு தெரிந்தது. அடுத்த இலக்கம் தேய்ந்திருந்தது.
ஐந்து என்று வைத்துக்கொண்டேன்.
மால்தேவுக்கு நாற்பத்து நான்கு, குத்துமதிப்பாக.
டித்தேவுக்கு
யெப்பேயை அழைத்தேன். அழைத்திருக்கக் கூடாதுதான்.
அக்டோபரில்தான் சாவியை வைத்துவிட்டுப் போனவன்.
"முப்பத்தொன்பது" என்றான் உடனே.
"கம்பளிக் காலுறை போட்டால் நாற்பது."
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டான்.
சொன்னேன்.
"காற்று பலமாக இருக்கும்" என்றான்.

காற்று பலமாகத்தான் இருந்தது.
வழிகாட்டி வேனிலிருந்து பூட்ஸை எடுத்துப் போட்டாள்.
மால்தேவின் குதிகால் உள்ளே போகவே இல்லை.
நாற்பத்தாறாம்! எப்போது?
எஸ்கில் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான்,
அதில் அவன் கால் படகில் போவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.
அவனுக்குப் பிரெபெனுடையது கச்சிதம்.
பிரெபெனுக்கு மால்தே கழற்றியது.
மூன்று ஆண்பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்று
ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு
கெட்ட வார்த்தை சொன்னார்கள்.
மால்தே காலுறையைக் கழற்றி வெறுங்காலைத் திணித்தான்.
சிரித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்,
வழிகாட்டியும் சிரித்தாள்.

டித்தே தன் தடித்த காலுறையோடு
நாற்பதுக்குள் காலை விட்டாள்.
சட்டென்று உட்கார்ந்தது.
குனிந்தபடியே கேட்டாள்:
"யார் சொன்னது உனக்கு?"

"பாரேன், கடல் எவ்வளவு தூரம் போய்விட்டது" என்றேன்.

அவள் பார்க்கவில்லை.
சேற்றில் எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.
கத்தியை வாங்கி முதல் சிப்பியை உடைத்து
யாரிடமும் நீட்டாமல் தானே விழுங்கினாள்.
கொஞ்சம் நின்றாள்.
அப்புறம் குனிந்து
இரண்டாவதைத் தேடினாள்.